கூம் பார்த்துச் சொன்ன கணக்கு

இவானித்ஸா என்ற மலையூரில் திஹோமிரைப் பற்றி யாரைக் கேட்டாலும், கணக்கில் கெட்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள். மரச்சாமான் தொழிற்சாலையில் சரக்குக் கணக்கு எழுதியவன். ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். நாற்பதை நெருங்கும் வயதில் அந்த வேலையைக் கைகழுவிவிட்டு, கம்ப்யூட்டரில் போக்கர் ஆடிப் பிழைக்கப் போகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்தான். மனைவி ஸகோர்கா மருந்துக்கடையில் கால் கடுக்க நின்று கொண்டுவந்த சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

“என் புருஷன் வேலைக்குப் போறான்னு நாலு பேர்கிட்ட சொல்ல வழி இல்லாமப் பண்ணிட்டே,” என்றாள் அவள். “காசாவது வருதா? அதையாவது காட்டு.”

காட்டுவதற்காகத்தான் அவன் ஒரு கணக்குப் புரோகிராமை வாங்கிப் போட்டான். ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் அது தானே குறித்துக்கொள்ளும். எந்த மேசை, எவ்வளவு நேரம், எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, ஒன்றையும் விடாது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறும், இறங்கும். அது கைக்கு வந்த காசு. பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கோடு. சீட்டு நியாயமாக விழுந்திருந்தால் வந்திருக்க வேண்டிய காசு அது. தோற்கிற ஆட்டக்காரன் எவனும் பச்சையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மஞ்சளைப் பார்த்துப் பார்த்துத்தான் வயிற்றை நிரப்பிக்கொள்வான்.

திஹோமிரின் பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. இரண்டு வருடம் போனபின் கூட்டிப் பார்த்தால் பழைய சம்பளம் தேறியிருந்தது. ஸகோர்கா வாயை மூடிக்கொண்டாள். அவனும் காபிக் கடையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான்.

அப்புறம் ஒரு மழைநாளில், வேறு வேலை இல்லாமல், எவனிடமிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும்படி புரோகிராமைத் தட்டினான். முதல் வரியில் ‘மாலினார்’ என்று வந்தது. ராஸ்பெரிக்காரன் என்று அர்த்தம். அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தான். பச்சைக் கோடு சறுக்கிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அந்த ஒரு ஆள் இல்லையென்றால் திஹோமிரும் காசைத் தொலைக்கிற ஆயிரம் பேரில் ஒருவன்தான்.

மாலினார் யார் என்று அவன் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மேசையில் உட்கார்ந்ததும், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ‘கடவுள் துணை’ என்று எழுதிவிட்டுச் சீட்டைப் பார்க்கிற பைத்தியக்காரன் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன்தான் இருந்தான். வழியில் எவனைப் பார்த்தாலும் அதையே சொல்கிற, மலைச்சரிவில் ராஸ்பெரித் தோட்டம் வைத்திருந்த ராதென்கோ. திஹோமிரின் கூம்.

ஒருவரையொருவர் கூம் என்று அழைத்துக்கொள்ளும் இந்த ஞான உறவு அங்கே சாதாரண உறவல்ல. ராதென்கோவின் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன் திஹோமிர். அவன் மகள் துன்யாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவனும் அவனே. கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போகலாம், ஊர் மன்னித்துவிடும். கூமின் வயிற்றில் அடித்தவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

மனுஷனாக இருந்தால் அன்றைக்கே மலையேறிப் போய், ‘ராதென்கோ, உன் காசை நான்தான் தின்கிறேன், விட்டுத் தொலை’ என்று சொல்லியிருப்பான். திஹோமிர் என்ன செய்தான் என்றால், அந்தப் பெயர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் தனக்கு மணி அடிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்துகொண்டான். அவன் ஆடியது பொய்ப்பெயரில். ‘ஓஸ்லோ ப்யோர்ன்’. ராதென்கோ அவனை நார்வேக்காரன் என்றே நம்பியிருந்தான்.

டிசம்பரில் ராதென்கோ வீட்டில் புனித நிக்கோலா நாள். நோன்புக் காலமாதலால் இறைச்சி கிடையாது. பொரித்த கெண்டை மீனும், எண்ணெயில் வதக்கிய பீன்ஸும், நடுவில் மெழுகுவர்த்தி குத்திய ரொட்டியுமாக மேசை நிறைந்திருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராதென்கோ திஹோமிரின் கையைப் பிடித்து, பிளம் சாராயம் இருக்கிற கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“கூமே, ஒண்ணு கேக்கணும். ஸ்தாமெனாவுக்குத் தெரியக்கூடாது,” என்றான். ஸ்தாமெனா அவன் மனைவி.

“கேளேன்.”

“நானும் அந்தக் கம்ப்யூட்டர் சீட்டு ஆடிட்டுதான் இருக்கேன். சிரிக்காதே.”

“நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்?”

“காசு போற மாதிரி இருக்கு. எவ்வளவுன்னு புரியல. ஒரு நார்வேக்காரன் இருக்கான், ப்யோர்னாம். என்னை உயிரோட உரிக்கறான். அவன் கை அழுகிப் போகட்டும்.”

“போகட்டும்,” என்றான் திஹோமிர்.

“துன்யாவுக்கு நோவி சாத்ல நர்சிங் படிக்க இடம் கிடைச்சிருக்கு. வசந்தத்துல பணம் கட்டணும். கீழத்தோட்டத்தை வித்தாத்தான் முடியும். வித்துட்டு அந்தக் காசையும் இதுல விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. நீ கணக்குல புலி. என் ஆட்டத்தைப் பாத்துச் சொல்லு, இது நமக்குக் கட்டுமா கட்டாதா. நிறுத்துடான்னு நீ சொன்னா இன்னியோட நிறுத்திடறேன். சாமி மேல சத்தியம்.”

மறுநாள் மத்தியானம் ராதென்கோ தன் மடிக்கணினியை ஒரு காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். திஹோமிர் அவனுடைய ஆட்டங்களையெல்லாம் புரோகிராமில் ஏற்றினான். மூன்று வருட ஆட்டம். பச்சையும் சரிந்திருந்தது, மஞ்சளும் சரிந்திருந்தது. அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்கு ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

“வெளிய போய் ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வா. இது கொஞ்சம் நேரமாகும்,” என்றான் திஹோமிர்.

ராதென்கோ பால்கனியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் தேதிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். போன வருடம் இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம் ராதென்கோவைச் சனி பிடித்து ஆட்டியிருந்தது. நல்ல சீட்டாகக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் பச்சை கீழே, மஞ்சள் மேலே. அதைத் திரையில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

“இந்த மஞ்சள் என்னது?”

“உனக்கு வந்திருக்க வேண்டியது.”

“இவ்வளவா?”

“நீ நல்லாத்தான் ஆடறே, கூமே. சீட்டுதான் உனக்குத் துரோகம் பண்ணியிருக்கு. என்னிக்காவது நேராகும். நடுவுல விட்டுட்டுப் போறவனுக்குத்தான் நஷ்டம்.”

ராதென்கோ மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “என் காசை எவன் அதிகமாத் தின்னான்னு இது காட்டுமா?”

“அதெல்லாம் இதுல வராது.”

அதைச் சொல்லும்போது திஹோமிரின் நாக்கு கூசவில்லை. காபி போட்டுக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைத்தான்.

வீட்டில் எப்படியோ விஷயம் தெரிந்து ஸ்தாமெனா கத்தியபோது, ராதென்கோ ஒரே வார்த்தைதான் சொன்னான். “கூம் பாத்துட்டான்.” அதோடு சண்டை அடங்கியது. ஜனவரியில் கீழத்தோட்டம், ஊர் ராஸ்பெரியை வாங்கி உறையவைத்து விற்கிற குளிர்கிடங்குக்காரன் கைக்குப் போனது.

இங்கேதான் திஹோமிரின் கணக்கு பிசகியது. மஞ்சள் கோட்டை நம்பிய மனுஷன் இனிமேல் எதற்குச் சில்லறை மேசையில் உட்காரப்போகிறான்? ‘நான் நல்லா ஆடறவன், சீட்டுதான் ஏமாத்துது’ என்று நினைத்தவன், தோட்டத்துக் காசை எடுத்துக்கொண்டு நேரே பெரிய மேசைக்குப் போய்விட்டான். திஹோமிரிடம் அங்கே உட்காரக் காசு கிடையாது. வேடிக்கை மட்டும் பார்க்கலாம். பார்த்தான். சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ராதென்கோவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் வழக்கம்போல எல்லோருக்கும் கடவுள் துணை சொல்லிக்கொண்டிருந்தான்.

“என் ஆளை இவனுங்க தின்னறானுங்களே,” என்று திஹோமிர் மேசையில் குத்தினான்.

“யாரை?” என்று கேட்டாள் ஸகோர்கா.

“ஒண்ணுமில்ல. உன் வேலையைப் பாரு.”

பனி உருகுவதற்குள் தோட்டத்துக் காசு தீர்ந்துபோயிற்று. நோவி சாத்துக்குப் பணம் கட்டும் தேதியும் போயிற்று. ராதென்கோ கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் மேலத்தோட்டத்தில் செடிகளுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தான். திஹோமிரின் பச்சைக் கோடு வாரத்துக்கு வாரம் இறங்கியது. ஸகோர்கா மறுபடியும் தொழிற்சாலைப் பேச்சை எடுத்தாள்.

ஏப்ரலில் அவன் ஐந்நூறு யூரோவை உறையில் போட்டுக்கொண்டு மலையேறினான். ஸ்தாமெனா வாசலிலேயே நின்றாள்.

“நீ பாத்துதானே சொன்னே, கூமே?” என்றாள்.

“சீட்டும்மா, சீட்டு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

அவள் வழிவிட்டாள். திஹோமிர் உறையை ராதென்கோவின் கையில் திணித்தான். “கடனாத்தான் தரேன். அவசரமில்லை. ஆனா பெரிய மேசைப் பக்கம் போகாதே. பழைய மேசையிலேயே ஆடு. உனக்கு அதுதான் ராசி.”

ராதென்கோ வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு அழுதான். திஹோமிரின் கன்னத்தில் மாறி மாறி மூன்று முறை முத்தமிட்டான். ஊரெல்லாம் கைவிட்டபோது கூம் வந்தான் என்று அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எல்லோரிடமும் சொன்னான்.

அந்த ஐந்நூறும் மே மாதம் முடிவதற்குள் நார்வேக்காரனிடம் வந்து சேர்ந்தது.

“கூமுக்குக் குடுத்த காசு என்னாச்சு?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள் ஸகோர்கா.

“வந்துடுச்சு,” என்றான். வாயில் ரொட்டி இருந்தது, யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துன்யா வந்தாள். குளிர்கிடங்குக்காரனின் தோட்டத்தில், தன் அப்பா விற்ற அதே கீழத்தோட்டத்தில், தினக்கூலிக்கு ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, முள் கீறியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கூமே, அப்பா குடுத்து அனுப்பினார். உங்க கடன்ல பாதி. பாக்கி சீசன் முடியறதுக்குள்ள தந்துடறோம்,” என்று ஒரு உறையை நீட்டினாள்.

“படிப்பு என்னாச்சு?” என்றான் திஹோமிர்.

“அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டார். முதல்ல கூம் கடன், மத்ததெல்லாம் பின்னாலதானாம்.”

அடுப்பங்கரையிலிருந்து ஸகோர்கா எட்டிப் பார்த்தாள். “அந்தக் காசுதான் வந்துடுச்சுன்னு சொன்னியே?”

துன்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திஹோமிர் கை நீட்டி உறையை வாங்கிக்கொண்டான்.

“அது வேற கணக்கு,” என்றான்.

துன்யா நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கதவை மூடிய பிறகு ஸகோர்கா அவனை விடவில்லை. யாரிடமிருந்து வந்தது, எப்படி வந்தது என்று குடைந்து குடைந்து கேட்டாள். அவனும் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னான். திரையைத் திறந்து ‘மாலினார்’ என்ற அந்த முதல் வரியைக்கூடக் காட்டினான். அவள் அதைப் படித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் மேசைமேல் கிடந்த உறையைப் பிரித்து, எண்ணி, மின்சாரக் கட்டணத்துக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“பாக்கியை எப்போ தரேன்னு சொன்னா?” என்று கேட்டாள்.