வேன் கேம்ப் ரோடு தாண்டும் நேரம்

அதிர்ச்சி என்பது ஹேமாவதி டீச்சருக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். சேலையூரில் ஏழு வருஷமாக நாலாம் வகுப்பு எடுப்பவள். வகுப்பில் பாம்பு புகுந்த அன்றும் வருகைப் பதிவேட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள், கோர்ட் வராந்தாவில் கணவன் ஷ்யாம்சுந்தரின் பதில் மனுவில் ஒரே வரியை நாலு தடவை படித்தாள்.

'மேற்படி பெண் குழந்தை எனக்கு மகள் அல்ல.'

மேற்படியாம்! சின்மயி என்று பெயர் வைத்ததே அவன்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் இருவரும் மலேசியாவில் இருந்தபோது, பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளி ஒருவர் குழந்தையை இவர்களிடம் கொடுத்தார். ஒரு தாளில் கையெழுத்து, கோயிலில் ஓர் அர்ச்சனை, தத்து முடிந்தது. பிறகு மாடம்பாக்கம் வந்து குடியேறினார்கள். அந்தத் தாள் இங்கே சட்டப்படி செல்லுமா என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை, படித்த முட்டாள்கள்.

இந்த வருஷம், மலேசியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் குழந்தையின் விசாவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், "நீங்கதான் காப்பாளர்னு கோர்ட் ஆர்டர் இருக்கா மேடம்? இல்லேன்னா திருப்பி அனுப்ப வேண்டி வரும்" என்றார்கள். அலறியடித்துக்கொண்டு ஹேமாவதி மனு போட்டாள். எட்டு மாதமாகப் படப்பையில் தனியே இருக்கும் ஷ்யாம்சுந்தர் சம்மதம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நாளைக்கு விவாகரத்து ஆன பிறகு பிள்ளைப் பொறுப்பு தன் தலையில் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அவன் இப்படி எழுதிவிட்டான்.

உள்ளே அவன் வக்கீல் எழுந்தார். "தத்தே செல்லாது. குழந்தை வெளிநாட்டுப் பிரஜை. இதை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தத்து செல்லுமாங்கிறது அப்புறம். குழந்தை எங்க வசிக்குதோ அந்த ஊர் கோர்ட்தான் காப்பாளர் மனுவை விசாரிக்கணும். ஷ்யாம்சுந்தர், நீங்களே சொல்லுங்க. குழந்தை இப்ப எங்க?"

அவன் யோசிக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

"மூணேகால் மேடம். ஸ்கூல் வேன் கேம்ப் ரோடு தாண்டியிருக்கும். ஜன்னலோரம் உட்காரலேன்னா வாந்தி எடுப்பா. மூணே முக்காலுக்கு வீட்டுல இருப்பா."

"எந்த வீட்டுல?"

"மாடம்பாக்கம்... எங்க வீட்டுல."

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது அதற்குப் பிறகுதான்.

"குறிச்சுக்கோங்க" என்றார் நீதிபதி. "குழந்தை வசிக்கிறது நம்ம எல்லைக்குள்ள. மனுவை இங்கேயே விசாரிக்கலாம்."

"முதல் படி ஏறிட்டோம் டீச்சர்" என்று அவளுடைய வக்கீல் எழில் கிசுகிசுத்தாள். ஹேமாவதிக்குச் சந்தோஷம் வரவில்லை. குழந்தையை மறந்துவிட்டான், அதனால்தான் அப்படி எழுதினான் என்று காலையிலிருந்து மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அவன் எதையும் மறக்கவில்லை.

வராந்தாவில் அவனை மறித்தாள். "ஜன்னலோர சீட்டு வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறமும் மகள் இல்லேன்னு எப்படிங்க எழுத முடிஞ்சுது?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

"வேன் வந்துடும் ஹேமா. நீ கிளம்பு."