1968 வண்டிக்கு 1974 பம்பர்

கோட்லோப் ஷெம்ப், என் தாயாரின் அண்ணன். பிறப்பு 1936 அக்டோபர் 9, ஜெர்மனியின் கோர்ன்டால். இறப்பு 2010 நவம்பர் 21, அதே ஊர், அதே வீடு. தொழில், ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையில் இருக்கை பொருத்துபவர். மனைவி எல்ஃப்ரீடே. குழந்தைகள் இருவர்: ஆனெட், 1978 பிப்ரவரி 3; பெயர் வைக்கப்படாத ஆண் குழந்தை, 1979 ஜனவரி 16, பிறக்கும்போதே உயிரில்லை. வாகனம் ஒன்று: இரண்டு கதவு, எஞ்சின் பின்பக்கம், முதல் பதிவு 1968 மார்ச் 14.

குடும்பப் பதிவேட்டில் வாகனத்துக்கு இடம் கொடுப்பது வழக்கமில்லை. மாமாவைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது அதிகமில்லை என்பதால் சேர்த்திருக்கிறேன்.

அவர் அதை 1975இல் வாங்கினார். முதல் உரிமையாளர் திராட்சைத் தோட்டச் சுவர் ஒன்றில் மோதி நசுக்கிய வண்டி அது. நசுங்கலை மாமாவே தட்டி நிமிர்த்தினார். அதற்குள் தொழிற்சாலையில் மாடல் மாறியிருந்தது. மெல்லிய குரோமியப் பட்டைக்குப் பதிலாக, உடலின் நிறத்திலேயே கனத்த பம்பர், இரண்டு ஓரத்திலும் மடிப்பு மடிப்பாக ரப்பர். பகல் முழுவதும் புது பம்பர் வண்டிகளுக்குள் குனிந்து இருக்கை பொருத்துவார். மாலையில் ஊழியர் நிறுத்துமிடத்தில் பழைய பட்டை அவருக்காகக் காத்திருக்கும். இன்று அந்தக் குரோமியப் பட்டையைத் தேடி மனிதர்கள் நாடு நாடாக அலைகிறார்கள். அன்று பழையது வெறும் பழையதாகவே இருந்தது. பழைய காரைப் புது மாடலாகக் காட்டுவதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தார்கள்.

நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட்டை மாட்டும் வேலையல்ல அது. புது பம்பர் உயரத்தில் உட்காரும். அதற்கேற்ப பானெட் எனும் முன்மூடி நீளம் குறைந்தது. ஆகவே முன்மூடி, இரண்டு பக்கத் தகடுகள், மூக்கின் குறுக்குத் தகடு எல்லாமே மாற வேண்டும். லுட்விக்ஸ்புர்க் பழைய வண்டிக் கிடங்கில், பின்பக்கம் நொறுங்கிய ஒரு மஞ்சள் வண்டியிலிருந்து அவற்றை வாங்கிவந்தார். தன் வண்டியின் மூக்கை ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்து, புதியதை வெல்டு வைத்து, பட்டி பார்த்துத் தேய்த்து, வண்ணம் அடித்தார். வேலை சுத்தம். இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு. கழற்றிய பட்டைகள் இரும்புக்காரருக்குப் போயின. நீள முன்மூடியை எறிய மனமின்றித் தோட்டத்து முயல் கூண்டுக்குக் கூரையாகப் போட்டார்.

1983 ஏப்ரலில் வண்டியின் பதிவை நீக்கினார். ஆனெட்டுக்கு ஐந்து வயது. பின்னிருக்கையில் கால் நீட்ட இடமில்லை. வண்டி கராஜில் தார்ப்பாய்க்குள் போனது. வசந்தம் வந்தால் ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகலாம், நாம் இருவர் மட்டும் என்று எல்ஃப்ரீடே அத்தையிடம் சொல்வார்.

"போலாம். அதுவரைக்கும் ஏறி இறங்க எனக்கு முட்டி இருக்கணும்ல" என்பார் அத்தை.

2001இல் ஓய்வு பெற்றார். எஞ்சினையும் பிரேக்கையும் பிரித்துச் சேர்க்க ஒரு குளிர்காலம் போயிற்று. அடுத்த மே மாதம், வண்டியை மறுபடி பதிவு செய்ய, வாகனப் பரிசோதகர் வந்தார். முப்பது வயதைத் தொடாத மனிதர். மண்டியிட்டு, கைவிளக்கோடு மூக்குக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார்.

"அருமையான வேலை, ஹெர் ஷெம்ப். யார் செஞ்சது?"

"நான்தான்."

"எப்போ?"

மாமா பெருமையோடு நிமிர்ந்தார். "எழுபத்தெட்டுல. பொண்ணு பொறந்த சமயம்."

"அத்தாட்சி இருக்கா? முப்பது வருஷம் தாண்டின வண்டிக்குத் தர்ற பழைமை எண் வேணும்னா, மாத்துன வேலை முதல் பதிவுலேருந்து பத்து வருஷத்துக்குள்ள நடந்திருக்கணும். பில்லோ போட்டோவோ ஏதாவது."

"அது இல்லாம, சாதாரண எண்ணு?"

"உங்க வெல்டுக்குக் காகிதம் இல்லையே. அதுக்கும் வழியில்ல. பழைய மூக்கையே திரும்ப வெச்சிருங்க, நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பக்கத்தில் நின்ற ஓட்டோ பாய்ர்லே, மாமாவோடு ஒரே வரிசையில் வேலை பார்த்தவர், சிரித்துவிட்டார். "பழைய மூடியா? முயல்கிட்டதான் கேக்கணும். துருப்பிடிச்ச ஓட்டை வழியா மழைத்தண்ணி குடிச்சிட்டிருக்கு."

அன்றே மாமா எனக்குத் தொலைபேசினார். "ஆனெட் ஞானஸ்நானப் படம் உன்கிட்ட இருக்கும்மா. தேவாலய வாசல்ல வண்டி நிக்கும், வெள்ளை ரிப்பன் கட்டி. புது பம்பரோட. அதுக்குன்னே ராப்பகலா செஞ்சேன்."

படம் இருந்தது. பலமுறை பார்த்த படம் என்பதால், பையிலிருந்து எடுக்கும் முன்பே எனக்கு விடை தெரிந்திருந்தது. அதனால்தான் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிறு மதியம், பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் பரிமாறிய மேசைமேல் வைத்தேன். பின்பக்கத்தில் என் தாயாரின் கையெழுத்து: 1978 ஏப்ரல் 2. பத்து ஆண்டுக் கெடு முடிந்து பத்தொன்பது நாள். வெள்ளை ரிப்பன் இருந்தது. அதற்குக் கீழே இருந்தது மெல்லிய குரோமியப் பட்டை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "உங்கம்மா தேதியைத் தப்பா எழுதியிருப்பா."

"தேதி சரிதான் மாமா. தேவாலயப் பதிவும் அதேதான்."

"அப்போ அது என் வண்டி இல்ல."

"கோட்லோப்" என்றார் அத்தை. பரிமாறும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆனெட் பொறந்தப்ப நீ கராஜ் பக்கமே போகல. தெனம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தே. நர்ஸுங்க எல்லாம் கேலி பண்ணாங்க."

"பின்ன எப்போ செஞ்சேன்?"

"அடுத்த ஜனவரி, பையன் பொறந்தப்ப. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். நீ ரெண்டு தடவைதான் வந்தே. நகத்துக்குள்ள சாம்பல் பெயிண்ட். என்ன வேலைன்னு கேட்டேன். முன்பக்கம் மாத்தறேன்னு சொன்னே. அவ்வளவுதான் சொன்னே."

"ஆனெட்டுக்காகத்தான் செஞ்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு குளிர்காலங்களையும் அவர் ஒன்றாக்கி வைத்திருந்தார். ஒன்றில்தான் அவரால் இருக்க முடிந்தது.

மாலையில் ஓட்டோ வந்து விஷயத்தைக் கேட்டார். "இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? படத்தை அடுப்புல போடு. எழுபத்தேழு டிசம்பர்ல நான்தான் பக்கத்துல நின்னு விளக்கு பிடிச்சேன்னு எழுதித் தரேன்."

"நீ விளக்கு பிடிக்க வரல ஓட்டோ. யாருமே வரல."

"அதை யாரு பார்த்தா?"

"இவ பார்த்தா" என்று மாமா அத்தையைக் காட்டினார்.

அத்தை மறுத்துப் பேசவில்லை. எழுதிக்கொடு என்று ஓட்டோவிடமும் சொல்லவில்லை. மாமா வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தார். அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பரிசோதகருக்கு மாமா தன் கையாலேயே இரண்டு வரி எழுதினார்: வேலை 1979 ஜனவரியில் செய்யப்பட்டது, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். வண்டிமேல் மறுபடியும் தார்ப்பாயைப் போர்த்தி நான்கு முனையையும் கட்டினார். வசந்தங்களில் அதைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு அத்தை தேவாலயப் பெண்களோடு பேருந்தில் கார்டா ஏரிக்குப் போய்வந்தார். மாமாவையும் கூப்பிட்டார்கள், போகவில்லை. பயணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், வானிலை பேசினார்கள்.

அவர் இறந்த மறுவாரம் ஆனெட் கராஜைத் திறந்தாள். கதவின் கீல் துருப்பிடித்திருந்ததால் என்னையும் தள்ளச் சொன்னாள். பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

மாமா அந்த வண்டியை ஓட்டியது எட்டு ஆண்டுகள். அது கராஜில் நின்றது இருபத்தேழு ஆண்டுகள்.