ரிவர்ஸில் நகராத கார்

வார்னிஷ் கருகும் அந்த நெடி மூக்கில் ஏறியபோது, பெரம்பலூரில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் இருந்தது நாலே பேர்: பெரியப்பா மகன் தினேஷ், அவனோடு படித்த சலீம், வற்றல் புரட்ட வந்த பெரியம்மா, அப்புறம் நான். அந்த வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகையில்லாமல் குடியிருந்தோம். "அவங்க பொருளத் தொடாத, ஒரு கீறல் விழுந்தாலும் நாம எங்க போயி நிக்கிறது" என்பது அம்மாவின் தினசரிப் பாட்டு.

தினேஷுக்காகப் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரிமோட் கார் அது. மோட்டாரின் பின்மூடியை லேசாகத் திருப்பினால் 'டைமிங்' முன்னால் போகும், வேகம் கூடும் என்று செல்போனில் பார்த்துவிட்டுத் தினேஷ் ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினான்.

"ஒங்கப்பாதான அரியலூர் பஸ்ஸுல கண்டக்டரு? டைமிங் பத்தி ஒனக்குத் தெரியாததா, நீயே திருப்பு."

"டைமுக்கு முன்னாடி பஸ்ஸ எடுத்தா அடுத்த பஸ்காரன் சட்டையப் புடிப்பான் மச்சான்" என்று சலீம் சிரித்தான்.

தொட்டாலும் வம்பு, மறுத்தாலும் வம்பு. திருப்பினேன். கார் முன்னோக்கிச் சீறியது. ஆனால் அப்படி வைத்த டைமிங் ரிவர்ஸுக்கு ஆகாது என்பது எங்கள் மூவருக்குமே தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்ட காரைத் தினேஷ் ரிவர்ஸில் இழுக்க, அது முக்கியதே தவிர நகரவில்லை. "விடுடா, சுடுது" என்று நான் கத்தக் கத்த அவன் விசையை விடாமல் அழுத்த, மோட்டார் கம்பியில் பூசியிருந்த வார்னிஷ் கருகிப் புகை வந்துவிட்டது.

"ஓசியில இருக்கறவ கையில குடுத்தா இப்புடித்தான்" என்றாள் பெரியம்மா.

அன்று மாலையே அப்பா புது மோட்டாருக்கான பணத்தோடு போய் நின்றார். பெரியப்பா வாங்கவில்லை. "அண்ணன் தம்பிக்குள்ள என்னடா கணக்கு, இருக்கட்டும்." அந்த 'இருக்கட்டும்'தான் எங்களைக் கட்டிப்போட்டது. அரியலூரில் வேறு வீடு பார்ப்பதாக அப்பா வாயெடுத்தாலே, "மோட்டார் கடன அடைச்சிட்டுப் போடா" என்று சிரிப்பார். பணத்தை நீட்டினால் மறுபடியும் 'இருக்கட்டும்'. பெரியம்மாவுக்கு முட்டி வலி கண்டபோது சமையலுக்கு ஆள் வைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை, ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது.

இப்போது கீழப்பழுவூரில் புகுந்த வீட்டில் இருக்கிறேன். மிக்ஸி ஓடினால்கூடச் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த மொட்டை மாடி இல்லை, அதன்மேல் இன்னொரு மாடி எழும்பிவிட்டது, பெரியப்பாவும் இல்லை. பின்கட்டில் அம்மாவும் அப்பாவும் இன்னமும் இருக்கிறார்கள். போன பொங்கலுக்குத் தினேஷுக்குச் செல்போனில் அந்த மோட்டார் பணத்தை அனுப்பினேன். "இருக்கட்டும் திவ்யா" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். பாக்கி, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.