மூன்று லட்சம் கேட்கும் இன்ஜின்

இன்று காலை உப்பளம் ஏரியா மெக்கானிக் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முழுசா இறக்கித்தான் சார் வேலை பாக்கணும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு போடணும். மூணு லட்சம் ஆயிடும். இப்படியே வித்தா ஒரு லட்சம் வந்தாலே பெருசு."

கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தேன். இரண்டே பேர் உட்காரும் கார். பிள்ளைகள் பிறந்த பிறகு அதில் நாங்கள் போனதே குறைவு. கையில் இருக்கும் பணமோ, சமையலறையை மாற்றிக் கட்ட அவள் சேர்த்தது. விற்றுவிடலாம் என்றுதான் சொல்வாள் என நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள்: "வேலை பாத்தா பழைய சத்தம் அப்படியே வருமா?"

"வரும்க்கா. சைலன்சர்ல கை வைக்க மாட்டேன்."

"அப்ப பிரிச்சிடுங்க. கிச்சன அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "சத்தத்தப் பத்தி ஏன் கேட்ட?"

"நிச்சயம் ஆனப்புறம் என்னைப் பாக்க ரெட்டியார்பாளையம் வருவீங்கள்ல. மெயின் ரோட்டுல திரும்பும்போதே இந்த வண்டி சத்தம் கேட்டுடும். ஓடிப்போய் மூஞ்சி கழுவி, பூ வச்சிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

நான் போனபோதெல்லாம் அவள் தற்செயலாக வாசலில் நின்றாள் என்றுதான் இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் இதைவிடத் தாமதமாக வெளிவந்த ரகசியம் ஏதாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.