நாளைக்காரர் செய்த பாவசங்கீர்த்தனப் பெட்டி

அந்த வீட்டில் எல்லாம் இருந்தது. கட்டில் இருந்தது, மேசை இருந்தது, ஆடாத நாற்காலிகள்கூட இரண்டு இருந்தன. அலமாரி மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தின் கண்ணீர் முழுவதும் அந்த ஒரு குறையிலிருந்து பெருகியது. இத்தனைக்கும் அந்த வீட்டுத் தலைவர் ஒரு தச்சர்.

மேசை எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அவர் "நாளைக்கு" என்பார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குக் கடுகளவும் கிடையாது. சொல்லும் அந்தக் கணத்தில் அவர் நாளையை மனதார நம்பினார். விடிந்ததும் அது இன்றாக மாறிவிட்டால் அதற்கு அவர் என்ன செய்வார்? தேவாலயப் பங்கு மக்கள் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர் சூட்டினார்கள். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய மனைவி அலமாரிக்காகக் காத்திருந்தபடியே கல்யாணத் துணிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள். ஒருநாள் அதைத் திறந்தபோது, எலி ஒன்று அவளுடைய இளமையை விளிம்பிலிருந்து நடு வரை மென்று தீர்த்திருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தப்பித்திருப்பார். கிழிந்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அலமாரி என்னிக்கு இந்த வீட்டுக்குள்ள வருதோ, அன்னிக்குத்தான் உங்ககூட எனக்கு இனிப் பேச்சு."

அத்தோடு சரி. அவள் பேச்சை நிறுத்தி இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன.

வீடு ஓடத்தானே வேண்டும்? எனவே அவர்களுடைய ஒரே மகள் தபால்காரியானாள். "உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது" என்பாள் தாய், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல். "உங்க அம்மாகிட்ட சொல்லு, வந்துட்டேன்" என்பார் தந்தை, ஏற்கெனவே தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி. மகள் முதல் வருடம் ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டாம் வருடம் அலுத்துப்போய்ச் சுருக்க ஆரம்பித்தாள். தாய் மூச்சு விடாமல் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, தந்தை பக்கம் திரும்பி, "திட்டறாங்க" என்பாள்.

அந்த நிலையில்தான் பங்குக்குப் புதிய சாமியார் வந்தார். ஆள் கதவு அகலம். ஒரு காது மந்தம், அதனால் அவரும் சத்தமாகப் பேசுவார், எதிராளியையும் சத்தமாகப் பேச வைப்பார். வந்த முதல் ஞாயிறே, இது முன்னேற்ற ஆண்டு என்று பீடத்திலிருந்து அறிவித்தார். கோயிலுக்குப் புது மின்விசிறிகள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் விழுகிற கதவுகள், பாடகர் குழுவின் மாடிக்கு ஆடாத கைப்பிடி. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் தங்கள் பாவங்களைச் சாமியாரிடம் தனியே சொல்வதற்கான மரக்கூண்டு, அதாவது ஒரு புதிய பாவசங்கீர்த்தனப் பெட்டி. பழைய பெட்டிக்குள் அவர் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. நுழைந்தபின் மூச்சு முட்டியது. மக்களின் பாவத்தைவிடப் புழுக்கம்தான் தன்னைக் கொல்கிறது என்று அவர் தச்சரிடம் முறையிட்டார்.

பெட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு நாளைக்காரர் வழக்கமான பதிலைச் சொன்னார். சாமியார் ஊருக்குப் புதியவர். அதை நம்பிவிட்டார். மறுநாள் காலை பட்டறைக்கு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பெட்டி முடியும் வரை வந்துகொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் நாளைக்காரர் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலையைச் சொன்ன வாரத்திலேயே முடித்தார். சாமியாரின் தோளை நாடா வைத்து அளந்து, காற்று வருவதற்காகப் பின்பலகையின் மேல்பக்கம் சாய்வுச் சட்டங்கள் போட்ட ஒரு ஜன்னலும் வைத்தார்.

செய்தி வீட்டுக்கு எட்டியது. "உங்க அப்பாகிட்ட கேளு, கோயிலுக்கு மட்டும் நாளைக்கே கிடையாதான்னு" என்றாள் மனைவி. மகள் தந்தையிடம் வந்து, "ரொம்பத் திட்டறாங்க" என்றாள்.

கோயிலில் பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. பீடத்துக்குப் பூ வைக்கும் அம்மாள் ஒரு சனிக்கிழமை மாலை அதில் உட்கார்ந்து காம்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக ரொட்டிக்கடைக்காரரின் குரல் தேனாக வந்து காதில் பாய்ந்தது. பன்னுக்கு மேல்பக்கம் மட்டும் திராட்சையை ஒட்டி, உள்ளே வெறும் மாவாக விடுகிறேன் சாமி என்றது அது. அம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் மறுநாள் கடையில் ஒவ்வொரு பன்னாகப் பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினாள். அதைப் பார்த்தவர்களுக்கு மற்றது புரிந்துவிட்டது.

அதன்பின் அந்தப் பெஞ்சுக்கு முண்டியடித்தார்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் சொல்கிறவர்களும் சுதாரித்துக்கொண்டார்கள். ஒரு மருமகள், மாமியார் பின்னால் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே போய், மாமியார் கைப்பக்குவத்தால் தனக்குப் பெருந்தீனிப் பாவம் சேர்கிறது என்று விம்மினாள். அன்று முதல் டிவி ரிமோட் அவள் கைக்கு வந்தது. பாடகர் குழுத் தலைவர், பயிற்சிக்குத் தாமதமாக வரும் இரண்டு பேர்மேல் தனக்குக் கோபம் பொங்குகிறது, அந்த இரண்டு பேரும் இப்போது பின்பெஞ்சில்தான் இருக்கிறார்கள் என்று அறிக்கையிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் போய் வெறும் கீர்த்தனம்தான் மிஞ்சியது.

சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் அடுத்தவர் புண்ணியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் வரிசை வாசல் வரை நின்றது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவர் நெகிழ்ந்துபோய், விசிறியும் கழிப்பறையும் கிடக்கட்டும், இந்த ஆண்டின் பெரிய முன்னேற்றம் மக்களின் மனமாற்றம்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி நாற்காலியில் நாளைக்காரர் குறுகிப்போனார். அந்த ஜன்னலை ஒரு பலகை போட்டு அடைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளைக்கு.

இதற்கிடையில் கோயிலுக்கு விசிறி மாட்ட வந்த மின்வேலைக்காரர், நாளைக்காரரின் மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் மனதில் தன்னை மாட்டிக்கொண்டார். நல்ல பையன். எந்த வேலையையும் சொன்ன நேரத்தில் முடிப்பவன். அதனாலேயே தாய் உடனே சம்மதித்தாள். ஆண்டு முடிவில் அதே கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

வீடு மகிழ்ந்தது. நாளைக்காரரின் நெஞ்சு மட்டும் வெடித்தது. மகள் போய்விட்டால் சாப்பாடு ஆறுகிறது என்பதை அவருக்கு யார் சொல்வார்கள்? இரண்டு பேர் மிச்சமிருக்கும் வீட்டில் தபால் எப்படிப் போகும்? அவர் இதை மகளிடம் மெல்ல எடுத்தபோது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கல்யாணத்தோட இந்தத் தபாலாபீஸ் மூடியாச்சுப்பா. ஃபோன்லயும் எடுக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க பொண்டாட்டியாச்சு."

அன்றே அவர் அலமாரியைத் தொடங்கினார். சாமியார் வந்து உட்காராமலே வேலை செய்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. இனி எந்த எலியும் எந்தப் பிரிவும் அண்டக்கூடாது என்று பொருத்துக்கு முளை அடித்து, முளைக்குப் பசை ஊற்றி, எந்த ஜென்மத்திலும் பிரிக்க முடியாதபடி இறுக்கினார். அதன் ஒவ்வொரு பலகையிலும் ஒரு கணவனின் கண்ணீர் ஊறியிருந்தது. கொஞ்சம் வார்னிஷும் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, மாப்பிள்ளையும் நண்பர்களும் அலமாரியைச் சுமந்து வந்தார்கள். மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் கண் கலங்கியது. உதடு துடித்தது. இதோ பேசப்போகிறாள் என்று தெருவே மூச்சைப் பிடித்தது. அப்போதுதான் அலமாரி நிலைப்படியில் இடித்து நின்றது.

நேராக முயன்றார்கள். சாய்த்து முயன்றார்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஏமாந்து திரும்பினார்கள். சாமியாரின் தோளை அளந்த மனிதர் தன் வீட்டு வாசலை அளக்க மறந்திருந்தார். பிரிக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மனைவி அலமாரியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "உங்க அப்பாகிட்ட கேளு, இது அலமாரியா, நம்ம வீட்டுக்குப் பக்கத்து வீடான்னு."

வீட்டுக்குள் வந்தால்தான் பேச்சு என்பது அவள் சபதம். அலமாரி வீட்டுக்கு வந்துவிட்டது, உள்ளே வரவில்லை. கல்யாண வீட்டார் அதன்மேல் சாய்ந்து தேநீர் குடித்தார்கள்.

அன்று மாலை, கல்யாணத்துக்கு முன் குடும்பமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனார்கள். மகளும் மாப்பிள்ளையும் முதலில் முடித்துக்கொண்டு வீட்டு வேலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். அடுத்து மனைவி உள்ளே போனாள். போகுமுன் திரும்பி, கணவர் எங்கே உட்கார்கிறார் என்று பார்த்தாள். நாளைக்காரர், வேறு இடம் இல்லாததால் அந்தப் பின்பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

"சாமி, காலையில எனக்குச் சிரிப்பு வந்துச்சு" என்று ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. "அந்த மனுஷன் தலையில கைவச்சு உக்காந்ததும், போய்ப் பக்கத்துல உக்காந்து சிரிக்கணும்போல இருந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அது பாவமா சாமி?"

"சிரிப்பை அடக்கறது பாவம் இல்லம்மா" என்று சாமியார் முழங்கினார்.

"மூணு வருஷமா அடக்கறேன் சாமி. எலி கடிச்ச துணி போனா போகட்டும்னு அப்பவே விட்டுட்டேன். நானே போட்ட சபதம், நானே எப்படி உடைக்கிறதுன்னு கௌரவம் விடல. நாளைக்குப் பொண்ணும் போயிட்டா, அந்த வீட்டுல யார்கிட்ட நான் பேசுவேன்?"

"இதையெல்லாம் ஏம்மா என்கிட்ட சொல்றே? அவர்கிட்டயே சொல்லு."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன் சாமி."

 சாமியார் மெல்ல நிமிர்ந்து, தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். சட்டங்களுக்கு இடையே கண்ணீர் வழியும் ஒரு கண் தெரிந்தது. ஒரு வருடத்து மனமாற்றம் முழுவதும் அவருக்கு அந்த நொடியில் விளங்கியது. நல்ல காதையும் கையால் மூடிக்கொண்டார்.

"வாசல் நிலையைப் பேத்து எடுத்துட்டு, அலமாரியை உள்ள கொண்டுவந்துடறேன்" என்றது ஜன்னலின் தழுதழுத்த குரல்.

பெட்டிக்குள்ளிருந்து, மகளையோ சாமியாரையோ நடுவில் வைக்காமல், நேராக ஒரு கேள்வி வந்தது.

"எப்போ?"

நாளைக்காரர் வாயைத் திறந்தார். பழகிய சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. "நா" என்று தொடங்கி, அதை முழுங்கி, வேறு சொல்லைத் தேடிப் பிடித்தார்.

"இன்னிக்கே."

அன்றே நிலையைப் பெயர்த்தார். அலமாரி உள்ளே போனது. மறுநாள் கல்யாண விருந்தினர் கதவே இல்லாத வீட்டுக்குள் வந்து போனார்கள். சம்பந்தி அம்மாள் இதுதான் திறந்த மனது என்று பாராட்டினாள். ஜன்னல் வழியாக யார் எதைக் கேட்டிருந்தாலும் அந்த ரகசியம் சாகும்வரை கேட்டவர் பொறுப்பு என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமை இடி முழக்கமாக அறிவித்து, நாளைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து ஜன்னலை அடைக்கச் செய்தார். சனிக்கிழமை வரிசை பாதியாகக் குறைந்தது. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் நிம்மதியாக வந்துபோகிறார். பன்னில் இப்போது உள்ளேயும் திராட்சை இருக்கிறது.

அந்த வீட்டில் காலை தொடங்கும் பேச்சு விளக்கு அணைக்கும்வரை நிற்பதில்லை. கதவு இல்லாததால் தெரு முழுக்கக் கேட்கிறது. மூன்று வருடத்துப் பாக்கி இருக்கிறதல்லவா? அத்தனையையும் நாளைக்காரர் பசியோடு கேட்டுக்கொள்கிறார், சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல். பெயர்த்த நிலை இன்னும் சுவரில் சாய்ந்திருக்கிறது. அதை எப்போது திரும்ப வைப்பதாக உத்தேசம் என்று அவள் தினமும் நேருக்கு நேராகவே கேட்கிறாள். அவர் சொல்லும் பதிலுக்கு இப்போது அவள் கோபப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.