மொட்டை மாடிக் குடியரசு

தெலுங்கு பேசும் மல்காஜ்கிரியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியை ஒரு வருஷ மழையில் ஏரித் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. தரைத்தளம் மூழ்கியது, கரண்ட் போயிற்று. இருபது குடும்பங்கள் மூன்று நாள் தீவில் கிடந்தோம்.

முதல் நாளே மொட்டை மாடியில் கூட்டம். செக்ரட்டரி சாஃப்ட்வேர்காரன், தஞ்சாவூர்ப் பக்கம். லேப்டாப்பில் பதினொரு விதிகள் எழுதினான். இனி சாதி, பாஷை, பதவி கிடையாது, எல்லாரும் சமம். கைதட்டினோம். மேல்தொட்டித் தண்ணீர் வீட்டுக்கு மூன்று வாளி. ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எண்ணும் வேலை எனக்கு.

வாட்ச்மேனின் அறை வெள்ளத்துக்குள் இருந்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாடிப்படியில் கிடந்தான். மறுநாள் காலை வாளியோடு வரிசையில் நின்றான்.

"ஃப்ளாட் நம்பர்?" என்றேன். நான்காவது விதி: நம்பர் சொன்னால்தான் வாளி.

"எனக்கேது சார் நம்பர்? பாப்பாவுக்கு நீள்ளு வேணும்" என்று தண்ணீரைத் தெலுங்கில் கேட்டான்.

"விடாதீங்க அங்கிள். இவனுக்குக் கொடுத்தா வேலைக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க" என்றான் செக்ரட்டரி. அவர்கள் நீந்தித்தான் வரவேண்டும்.

வாட்ச்மேன் வாளியைத் தொட்டிக்குள் விட்டான். செக்ரட்டரி அதை உதைத்தான். தொட்டி மூடியை நெம்பும் கடப்பாரையால் வாட்ச்மேன் அவன் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பதினான்கு பேர் பாய்ந்தார்கள். செருப்பு, கிரிக்கெட் ஸ்டம்ப், குக்கர் மூடி. ஒரு பல் தெறித்து என் செருப்பில் விழுந்தது. கடப்பாரையைப் பிடுங்கிய இரண்டாம் மாடிக்காரர் ஓங்கி வீசினார். அது தலைக்குத் தப்பி தண்ணீர்க் குழாயை உடைத்தது.

தண்ணீர் பீறிட்டது. வால்வுகள் ஒன்பது. எதை மூடவேண்டும் என்று வாட்ச்மேனுக்கு மட்டும்தான் தெரியும்.

"எதுடா? சொல்லித் தொலைடா!"

அவனுக்குத் தாடை அசையவில்லை.

சத்தம் கேட்டு என் மனைவி மேலே வந்தாள். "வாயை உடைச்சுட்டு பேசுன்னா எப்படிய்யா பேசுவான்? தள்ளுங்க!" டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். அவன் படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழந்தைக்குக் கொடுத்தாள், பிறகு தாய்க்கு. அதுவரை எல்லாரும் நின்றோம், தண்ணீர் ஓடியது. அதன்பின்தான் விரலை நீட்டினான். ஏழாவது வால்வு.

மூடியதும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுகூட இல்லை. இருபத்தொரு வீடு என்று வைத்து வகுத்தேன்.

"ஓட்டெடுப்பு இல்லாம எப்படி அங்கிள்?" என்றான் செக்ரட்டரி, ஒடிந்த கையைத் துண்டில் தொங்கவிட்டபடி.

வாட்ச்மேனுக்குப் பங்கு கூடாது என்று பதினாறு கைகள் உயர்ந்தன. வேண்டும் என்று ஒன்று, என் மனைவியுடையது. எண்ணுகிறவன் கை தூக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்.

அவள் எங்கள் பங்கை வாளியில் மொண்டு, மாடிப்படிக்குக் கொண்டு போனாள்.