காலனிக்கு மட்டும் அடித்த காற்று

தாம்பரத்தை ஒட்டிய ஒரு சப்-ஸ்டேஷனில் நான் ஆபரேட்டராக இருந்தேன். மேலேயிருந்து போன் வந்தால் பிரேக்கரை ஆஃப் செய்வது, அப்புறம் ஊரிடம் திட்டு வாங்குவது, இரண்டும் என் டியூட்டி. தொண்ணூறுகளில் கரண்ட் பற்றாக்குறை அப்படி. முடிச்சூர் ஃபீடருக்கு, அதாவது அந்த ஊருக்குப் போகும் லைனுக்கு, காலையில் இரண்டு மணி நேரம் கட். ஆபீசர் காலனி ஃபீடருக்கு மாலையில் இரண்டு மணி நேரம்.

ஆடி பிறந்தால் கொஞ்சம் மூச்சு விடுவோம். ஆரல்வாய்மொழிப் பக்கம் புதிதாக நட்ட காற்றாலைகள் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு வருஷம், "காத்து நல்லா இருக்கு, கட்டைப் பாதியாக் குறைச்சுக்கோங்க" என்று போன் வந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தால் முடிந்தது. எங்கள் அசிஸ்டென்ட் என்ஜினியர், ஏ.இ. சார், வேறு மாதிரி குறைத்தார். காலனிக்குக் கட்டே கிடையாது, முடிச்சூருக்குப் பழையபடி இரண்டு மணி நேரம். மொத்தத்தில் பாதிதானே! அவர் வீடு எந்த ஃபீடரில் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முடிச்சூரில் மாவு மில் வைத்திருந்த மேரி அக்கா ஒருநாள் நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் போனபிறகு அந்த ஒரு மோட்டாரை நம்பித்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஜனம் அரைக்க வருவது காலையில். அந்த நேரம் பார்த்து கரண்ட் இருக்காது. இப்படியே போனால் மில்லை மூடவேண்டியதுதான் என்ற நிலை.

"இன்னா சார், தெக்க அடிக்கிற காத்து காலனிக்கு மட்டும் அட்ரஸ் கேட்டுகினு வருதா? என் பங்கு கீதுல்ல, அத்தக் குடு."

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா. உங்களுக்குப் புரியாது" என்றார் சார்.

"கரண்ட் இல்லாட்டி மோட்டார் ஓடாது. அது புரியுது சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

கிருஷ்ண ஜெயந்தி வந்தது. காலையில் வழக்கம்போல முடிச்சூரை ஆஃப் செய்தேன். சார் ரவுண்ட்ஸுக்கு வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ. சார் வீட்டம்மா, கையில் அரிசி டப்பாவோடு இறங்கினார். அந்தப் பக்கத்துக்கே மேரி அக்கா மில் ஒன்றுதான்.

"வீட்ல ஃபேன் ஓடுது, லைட் எரியுது, அரைக்கிற இடத்துல கரண்ட் இல்ல. சீடைக்கு ஊறவெச்ச அரிசி. ஈரம் காஞ்சா சீடை கல்லாட்டம் ஆயிடும். யாருங்க இப்படி கட் போட்டது?"

நான் சாரைப் பார்த்தேன். சார் மீட்டரைப் பார்த்தார்.

"முடிச்சூரை ஆன் பண்ணுப்பா" என்றார் மெதுவாக.

"அப்போ காலனிய ஆஃப் பண்ணணும் சார். லோடு ஏறினா மேல கேப்பாங்க."

சார், வீட்டம்மா பக்கம் திரும்பாமலே தலையாட்டினார். ஆஹா, அன்றைக்கு அந்த பிரேக்கரைத் தட்டியபோது எனக்கிருந்த சந்தோஷம்!

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் கட். முடிச்சூருக்கு மட்டும் மதியத்தில், மில்லில் கூட்டமில்லாத வேளையில். மேரி அக்கா மில்லை மூடவில்லை. சீடையும் நன்றாகவே வந்திருந்தது, ஆபீசுக்கும் ஒரு டப்பா வந்தது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் காற்றாலை, சோலார் என்று மெகாவாட்டில் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லதுதான். எவ்வளவு வந்தாலும் அதைப் பிரித்துவிடுவது ஒரு ஆளின் கைதான் தம்பிகளா. அந்த ஆளின் வீடு எந்த ஃபீடரில் என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்.